கேட்டவுடன் கொடுத்துப் பழக்கியாச்சு, இனி ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்வது எப்படி?

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கை, நான்காம் மாடி ஃபிளாட், ஏழு வயதுப் பையன். வாய்ப்பேச்சு அநேகமாக இல்லை. கம்பி அடித்த பல்கனிக்குப் போனால் கரையோரம் ஓடும் ரயிலைப் பார்க்கலாம், அது அவனுக்கு உயிர். கதவு பூட்டியிருந்தால் தன் மணிக்கட்டைக் கடிப்பான், பக்கத்தில் நிற்பவரின் கையையும் கடிப்பான். கடித்தால் யாராவது ஓடிவந்து கதவைத் திறப்பார்கள், ஆகவே அவனைப் பொறுத்தவரை கடிதான் சாவி. அதற்குப் பதிலாக ரயில் படம் ஒட்டிய ஓர் அட்டையை எடுத்துக் கையில் தரப் பழக்கினோம். அட்டை வந்தால் கதவு திறக்கும், கடித்தால் திறக்காது. மூன்று கிழமையில் கடி அநேகமாக நின்றுவிட்டது.

நான்காவது கிழமை அம்மா கோல் எடுத்தார். “டீச்சர், சந்தோசம்தான். ஆனா இண்டைக்குக் காலமை மட்டும் நாப்பது தரம் அட்டை தந்திட்டான். நான் எப்ப சமைக்கிறது?”

நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல், முதல் வெற்றிக்குப் பிறகு வந்து நிற்கும் கேள்வி இதுதான். கேட்கப் பழக்குவதைப் பற்றி எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். பிறகு வரும் பகுதியை, அதாவது கொடுப்பதை மெல்ல மெல்ல ஐதாக்குவதை, அம்மாமாரின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஏன் ஒரேயடியாக நிறுத்த ஏலாது

அடித்தல், கடித்தல், சாமான் எறிதல் இவற்றால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, அதையே கேட்டுப் பெறும் ஒரு நல்ல வழியைக் கற்றுக்கொடுக்கும் இந்த முறையை 1985ஆம் ஆண்டில் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் Functional Communication Training, எஃப்.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உடனே கொடுக்க வேண்டும் என்பது சட்டம், ஏனென்றால் கடிப்பதைவிடக் கேட்பது சுலபமாகவும் வேகமாகவும் பலன் தந்தால்தான் பிள்ளை கடியை விடும்.

அந்தத் தாராளம் நிரந்தரமாக ஓடாது. ஒரு நாளில் திடீரென்று “இனிமேல் கேட்டவுடன் கிடையாது” என்று மாறினால், பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள்: புதுச் சாவி பூட்டில் திரும்பவில்லை. பழைய சாவி இன்னும் பையில் இருக்கிறது. அதை எடுத்துப் போட்டுப் பார்க்கத்தானே செய்யும்? பழைய நடத்தை இப்படித் தலைதூக்குவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவான விஷயம், பிள்ளையின் பிடிவாதமும் இல்லை, உங்கள் வளர்ப்பின் குறையும் இல்லை. சொதி காணாதென்று தண்ணீர் விட்டு நீட்டும்போது ருசி பார்த்துப் பார்த்துத்தானே விடுவோம், இதுவும் அப்படித்தான்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, பிள்ளை யாரும் கையைப் பிடித்துக் காட்டாமல் தானாகவே கேட்கிறதா? அம்மாவிடம் மட்டுமா, அப்பாவிடமும் அம்மம்மாவிடமும் கேட்கிறதா? பிரச்சினை நடத்தை முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கி, சில நாட்களாக அங்கேயே நிற்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாவிட்டால் இன்னும் இரண்டு கிழமை கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டு ஐதாக்கத் தொடங்கிக் கெட்டுப்போன வீடுகள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

இரண்டாவது, உடம்பு. பல்லு நோவு, காது நோவு, மலச்சிக்கல், தூக்கமின்மை இருந்தால் எந்தத் திட்டமும் வேலை செய்யாது. தலையைச் சுவரில் மோதுதல், கண்ணில் குத்துதல், இரத்தம் வரக் கடித்தல் என்று இருந்தால் இதை வீட்டில் தனியாகச் செய்யவே வேண்டாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலோ ராகமையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளைப் பார்க்கும் ஆயதி நிலையத்திலோ காட்டி, நடத்தைச் சிகிச்சை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவதை நான் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்வேன். தண்ணீர், பசி, கழிப்பறை, நோவு, பயம் இவற்றுக்குப் ‘பொறு’ கிடையவே கிடையாது. இந்தப் பயிற்சி ரயில், போன், மடியில் ஏறுவது, வீட்டுப்பாடத்திலிருந்து ஓய்வு மாதிரியான விஷயங்களுக்கு மட்டும்.

கொப்பியும் பேனையும்

இரண்டு நாள் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் கேட்கிறது, நீங்கள் தற்செயலாகத் தாமதித்தால் எத்தனை செக்கனில் முகம் மாறுகிறது, எத்தனையாவது செக்கனில் கை வாய்க்குப் போகிறது. மேலே சொன்ன பையனுக்கு 20 செக்கன் வரை ஒன்றும் இல்லை, 30 தாண்டினால் சிணுங்கல், அதற்கு மேல் கடி. ஆகவே எங்கள் முதல் ‘பொறு’ 15 செக்கன். அம்மா சிரித்தார், “பதினஞ்சு செக்கனில நான் வெங்காயம்கூட உரிக்க மாட்டன்” என்று. உண்மைதான். ஆனால் முதல் நாள் வெங்காயத்துக்காக இல்லை, பொறுத்தால் கிடைக்கும் என்பதை அவன் தெரிந்துகொள்வதற்காக.

பச்சை, சிவப்பு

பிள்ளை கேட்பது ஒரு பொருளோ, கவனமோ, ஓர் இடமோ என்றால் நான் முதலில் எடுப்பது இந்த வழிதான். இரண்டு அட்டைகள். பச்சை தொங்கினால் கேட்டவுடன் கிடைக்கும். சிவப்பு தொங்கினால் கேட்டாலும் கிடைக்காது, ஆனால் பச்சை திரும்ப வரும். அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் உள்ள யோசனையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. 2001இல் ஹேன்லி, ஐவாட்டா, தொம்சன் என்ற மூவர் பல வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேட்ட பிறகு தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது கேட்பதே அணைந்துபோனது. குறிப்பிட்ட நேரம் கழிந்த பின் கேட்டால்தான் கிடைக்கும், ஆனால் அந்த நேரம் எப்போது வருமென்று காட்டும் அடையாளம் ஒன்றும் இல்லை என்று வைத்தபோது நச்சரித்துக் கேட்பது எக்கச்சக்கமாகியது. எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பதை நிற அட்டையால் காட்டியபோதுதான் கேட்பதும் நிலைத்தது, அளவாகவும் இருந்தது. அவர்கள் தொடங்கியது கிடைக்கும் நேரம் 45 செக்கன், கிடைக்காத நேரம் 15 செக்கன் என்று. போய்ச் சேர்ந்தது 1 நிமிடம் பச்சைக்கு 4 நிமிடம் சிவப்பு.

காலி வீதியில் சிக்னலில் வாகனத்தோடு நிற்பவருக்கு விளக்கு எப்போது மாறும் என்று தெரிந்தால் பொறுமை தானாக வரும், விளக்கு பழுதான நாளில் எல்லோரும் ஹோர்ன்தான். பிள்ளையும் அப்படித்தான்.

அட்டை செய்வது பெரிய வேலை இல்லை. போட்டோகொப்பி கடையில் லேமினேட் செய்து, ஒரு துளை போட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை நாடாவில் கொழுவுங்கள், பஸ்ஸிலும் த்ரீவீலிலும் கூடவே வரும். சில ஆண் பிள்ளைகளுக்குப் பச்சை சிவப்பு பிரித்தறிய வராது, ஆகவே நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள், பச்சை வட்டம், சிவப்பு சதுரம் என்று. சிவப்பு என்றாலே வகுப்பில் ஏச்சு வாங்கிய ஞாபகம் வரும் பிள்ளைக்கு மண்ணிறம் வைத்தாலும் குற்றமில்லை.

ஓர் அமர்வு பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று அல்லது நாலு. எப்போதும் பச்சையில் தொடங்குங்கள். பச்சையைக் காட்டி, “பச்சை, கேட்டால் தருவன்.” 45 செக்கன் வரை எத்தனை தரம் கேட்டாலும் உடனே. பிறகு அட்டையைத் திருப்பி, ஒரே ஒரு தரம், அமைதியாக, “சிவப்பு, கொஞ்சம் பொறு.” 15 செக்கன். பிறகு பச்சை. சிவப்பில் பிள்ளை கேட்டால் ஏசவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம், விரலால் அட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும். நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். “இப்ப கேட்டியே, சிவப்பெல்லோ, அம்மா என்ன சொன்னவா, கொஞ்சம் பொறுக்கத் தெரியாதா” என்று நீளமாகக் கதைத்தால், கவனம் தேடுகிற பிள்ளைக்கு அந்தக் கதையே பரிசு.

சிவப்பு நேரத்தில் பிள்ளை சும்மா நிற்க வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. வேறு ஏதாவது கையில் இருந்தால் காத்திருப்பது மிகவும் சுலபமாகும் என்றுதான் சொல்கின்றன. இரண்டாம் தரமாகப் பிடித்த ஒரு சாமானைச் சிவப்பு நேரத்துக்கென்றே எடுத்து வையுங்கள். எங்கள் பையனுக்கு ஒரு பழைய பிஸ்கட் டின்னும் அதற்குள் போட்டு எடுக்க மாபிள்களும். பிறகு அம்மம்மாவோடு பயறு பொறுக்குவது என்று மாறியது.

எப்போது கூட்டுவது? தொடர்ந்து இரண்டு மூன்று அமர்வுகளில் கடி இல்லை, கேட்டதில் பத்துக்கு எட்டுத் தரமாவது பச்சையில்தான் கேட்டான் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இந்த இரண்டாவது கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடி இல்லை, ஆனால் சிவப்பிலும் அதே அளவு கேட்கிறான் என்றால் அவனுக்கு அட்டையின் அர்த்தம் இன்னும் விளங்கவில்லை, அதற்குள் நேரத்தை நீட்டினால் பிறகு அனுபவிப்பீர்கள். எங்கள் ஏணி இப்படி இருந்தது: சிவப்பு 15 செக்கன், 30, 45, ஒரு நிமிடம், ஒன்றரை, இரண்டு, மூன்று, நாலு. பச்சை 45 செக்கனில் தொடங்கி ஒரு நிமிடத்தில் நின்றது. நாலு நிமிடத்துக்குப் பிறகு இரண்டையும் சேர்த்து நீட்டினோம், பச்சை 2 சிவப்பு 8, பச்சை 5 சிவப்பு 20. சில நாட்களில் ஒரே நாளில் இரண்டு படி ஏறினோம், இரண்டு நிமிடத்தில் ஒன்பது நாள் மாட்டிக்கொண்டு நின்றோம். தொடர்ந்து இரண்டு அமர்வு கெட்டால் ஒரு படி இறங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சிவப்பில் கடி வந்தால்? காயம் வராமல் தடுங்கள், முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள், சிவப்பை அப்படியே விடுங்கள். நேரம் முடியும் அதே கணத்தில் கடித்தால், உடனே பச்சையாக்கினால் கடித்ததால்தான் பச்சை வந்தது என்று கணக்குப் போட்டுவிடுவான். ஐந்து அல்லது பத்து செக்கன் அமைதி வரும்வரை பொறுத்துப் பிறகு மாற்றுங்கள்.

சிவப்பு நேரத்தில் ரயில் அட்டையை எடுத்து ஒளித்துவிடுவது ஒரு குறுக்குவழி. கேட்கவே முடியாததால் சுலபமாகத்தான் இருக்கும், சில சிகிச்சையாளர்கள் அதையே பெரிதும் செய்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. வாய்ப்பேச்சில்லாத பிள்ளையிடமிருந்து அட்டையைப் பறிப்பது வாயைப் பொத்துவது மாதிரி, அதோடு கையால் சைகை காட்டுகிற பிள்ளையிடம் எதைப் பறிப்பீர்கள்?

வேலையிலிருந்து தப்பக் கேட்கும் பிள்ளைக்கு

பிள்ளை கேட்பது ஓய்வு என்றால் கணக்கு வேறு. இங்கே நேரத்தை அல்ல, வேலையைக் கூட்ட வேண்டும். வீட்டுப்பாடக் கொப்பியைக் கண்டால் மேசையைத் தள்ளுகிற பிள்ளைக்கு ‘ஓய்வு’ அட்டை கொடுத்தாச்சு, இப்போது கொப்பி திறந்தவுடன் அட்டை வருகிறது, ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. சரி. மேசையில் ஒரு சோடா மூடியை வையுங்கள். ஒரு எழுத்து எழுதினால் மூடியைக் கிண்ணத்தில் போடலாம், போட்டவுடன் ஓய்வு அட்டை செல்லுபடியாகும், ஒரு நிமிடம் மேசையைவிட்டு எழும்பலாம். பிறகு மூடி இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. மூடிகள் கண்ணுக்கு முன்னால் குறைந்துகொண்டு போவது அவனுக்குப் பச்சை விளக்கு மாதிரி.

வேலையின் அளவையும் கடினத்தையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். ‘அ’ எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எட்டு ‘அ’ வரை போன பிறகு ‘ஞ’வுக்கு மாறினால் மூடியை ஒன்றுக்கு இறக்குங்கள். ஓய்வோடு ஒரு துண்டு மாரி பிஸ்கட்டோ அவனுக்குப் பிடித்த பாட்டோ சேர்த்தால் வேலைக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுக்கும். லஞ்சம் என்று பெரியாக்கள் சொல்வார்கள். சம்பளம் என்று நான் சொல்வேன்.

‘சரி’ என்று சொல்லப் பழக்குவது

உலகம் அட்டை தொங்கவிட்டு நடப்பதில்லை. கொழும்பில் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தரம் “பொட்டக் இன்ன” (சிங்களத்தில் ‘கொஞ்சம் பொறு’) கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள், வேன்காரர், கடைக்காரர், லிஃப்ட்காரர் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே அட்டையில் சில நிமிடம் பொறுக்கத் தெரிந்த பிள்ளைக்கு இதையும் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பிள்ளை கேட்கிறது. நீங்கள், “கொஞ்சம் பொறு.” பிள்ளை ‘சரி’ என்று சொல்லவோ, தலையாட்டவோ, பெருவிரல் காட்டவோ வேண்டும். முதல் நாட்களில் நீங்களே கையைப் பிடித்துக் காட்டி, அந்தக் கணமே கேட்டதைக் கொடுங்கள். அதாவது ‘சரி’ என்பதுதான் இப்போதைய சாவி. அது நிலைத்த பிறகு ‘சரி’க்கும் கொடுப்பதற்கும் இடையில் இடைவெளி விடுங்கள், இரண்டு செக்கன், ஐந்து, பத்து. அந்த இடைவெளியில் வெறுமனே காத்திருக்க விடாமல் சின்னதாக ஏதாவது செய்யச் சொல்லுங்கள், “அந்தக் கோப்பையை அம்மம்மாட்டக் குடு”, “செருப்பை எடுத்து வை” என்று. கடிகாரம் ஓடி முடிவதைவிட, தான் ஒன்று செய்து முடித்ததால் காத்திருப்பு முடிகிறது என்றிருந்தால் பிள்ளைகள் நீண்ட தாமதத்தையும் தாங்குகிறார்கள், 2016இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது.

இதில் ஒரு நுட்பம். பத்துத் தரம் கேட்டால் மூன்று நாலு தரமாவது உடனே கொடுங்கள். சில தரம் ‘சரி’ வந்தவுடன், சில தரம் ஒரு வேலைக்குப் பிறகு, சில தரம் மூன்று வேலைக்குப் பிறகு. எப்போதும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டே போனால், ‘பொறு’ என்ற சொல்லே ‘இல்லை’க்கு இன்னொரு பெயர் என்று பிள்ளை முடிவு செய்துவிடும். நாமும்தானே அலுவலகங்களில் அப்படி முடிவு செய்துவைத்திருக்கிறோம்.

வீட்டு ஆட்கள்

பிள்ளையைவிடக் கஷ்டமான பகுதி. அந்த வீட்டில் அம்மம்மாவுக்குச் சிவப்பு என்றால் மனசு கேட்காது. “பிள்ளை எவ்வளவு வடிவாக் கேக்குது, குடுக்காம இருக்கிறதே?” என்று கதவைத் திறந்துவிடுவார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, மூன்று கிழமைக்கு முன் கேட்டால் கொடுங்கோ என்று கெஞ்சியது நான்தானே. வாதாடவில்லை. சிவப்பையும் பச்சையையும் மாற்றும் பொறுப்பையே அம்மம்மாவிடம் கொடுத்தேன், டைமரும் அவர் கையில். “அம்மம்மா, நீங்கள் திருப்பினாத்தான் அவனுக்குப் பச்சை” என்றேன். பச்சை வந்தவுடன் கதவைத் திறப்பவரும் அவரே. அன்றிலிருந்து சிவப்பில் ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. அப்பா இரவு ஏழரைக்கு வந்து எல்லாவற்றையும் குழப்பியது வேறு கதை.

ஒரு விஷயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்: சிவப்பில் யார் தயவிலும் கிடைக்காது, பச்சையில் யாரும் மறுக்க முடியாது. இரண்டாவதும் முதலாவதைப் போலவே முக்கியம். களைப்பு என்று பச்சையில் மறுத்தால் அட்டையின் பெறுமதி போய்விடும். தர முடியாத நேரத்தில் பச்சையைத் தொங்கவிடாதீர்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும் நாள்

வரும். காய்ச்சலுக்குப் பிறகு, ஏப்ரல், டிசம்பர் பாடசாலை விடுமுறையில், ஊரிலிருந்து ஆட்கள் வந்து நிற்கும்போது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் கட் ஆன நாளில், போனில் வீடியோ கேட்டுப் பழகிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேட்டது உண்மையிலேயே இல்லாத நாளில் நாள் முழுக்கச் சிவப்பு, அதற்கு எந்தப் பிள்ளையும் பழகவில்லை. அப்படியான நாளில் பயிற்சியை விடுங்கள். அந்தப் பொருளின் படத்தையே எடுத்து வைத்துவிட்டு, இருப்பதில் பிடித்த இரண்டைத் தாராளமாகக் கொடுங்கள், அடுத்த நாள் ஏணியில் இரண்டு படி இறங்கித் தொடங்குங்கள். ஏறும்போது முதல் தடவையைவிட வேகமாக ஏறும்.

வேறு இடங்களுக்குக் கொண்டுபோகும்போதும் அப்படித்தான். வீட்டில் எட்டு நிமிடம் பொறுக்கும் பிள்ளை பஸ்ஸில் எட்டு நிமிடம் பொறுக்கும் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள், முதலில் ஒரு ஹோல்ட் தூரம், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து.

எங்கே நிறுத்துவது

இருபது நிமிடம் வந்துவிட்டது, இனி ஒரு மணித்தியாலம் பார்ப்போமா என்று கேட்பவர்கள் உண்டு. எதற்கு? உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை உண்மையில் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தொடங்கும்போதே எழுதிவையுங்கள். சோறும் ஒரு கறியும் ஆக எடுக்கும் நேரம், குளிக்கும் நேரம், வேன் வரும்வரை கீழே நிற்கும் நேரம். அதற்கு மேல் நீட்டுவது நமது வசதி.

அங்கே வந்து சேர்ந்த பிறகு அட்டைகளையும் மெல்லக் கழற்றலாம். அம்மா குசினியில் அடுப்போடு நிற்பது, அப்பா போனில் கதைப்பது, இவையே சிவப்பு. அம்மா கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பது பச்சை. முதலில் அட்டையையும் இந்தக் காட்சியையும் சேர்த்துக் காட்டி, பிறகு அட்டையைச் சின்னதாக்கி, ஒரு நாள் எடுத்துவிடலாம். சில பிள்ளைகளுக்கு அட்டை கடைசிவரை வேண்டியிருக்கும், கண்ணாடி போடுகிறவரிடம் எப்போது கழற்றுவீர்கள் என்று நாம் கேட்பதில்லையே.

அந்த ஃபிளாட்டில் இப்போது சிவப்பு 20 நிமிடத்தில் நிற்கிறது. குசினி வாசலில் ஒரு சிவப்புச் சதுரம் இன்னும் தொங்குகிறது, வெங்காயம் உரித்து முடிகிறது. பின்னேரம் ஐந்தரை முதல் ஆறரை வரை மட்டும் அது தொங்காது. கந்தோர் ரயில்கள் நிரம்பி வழிந்துகொண்டு வரும் நேரம் அது, அந்த ஒரு மணித்தியாலம் முழுக்கப் பச்சை என்று அம்மம்மா முடிவு செய்துவிட்டார். நான் மறுக்கவில்லை.